இரண்டு நல்ல இருக்கைகள்

1

விமானச் சீட்டு வாங்கும் இணையப் பக்கம் முதலில் கேட்பது எங்கே போகிறீர்கள் என்று. அடுத்தது எத்தனை பேர் என்று. இந்த வாரம் முழுக்க நான் அந்த இரண்டாவது கேள்வியிலேயே நிற்கிறேன்.

எங்கே என்பதில் குழப்பமில்லை. மெல்பர்னிலிருந்து மதுரை, அங்கிருந்து கார் பிடித்து ராஜபாளையம், அதைத் தாண்டி சேத்தூர். எங்கள் சபையின் அசனம் வருகிறது. அசனம் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் வருஷத்துக்கு ஒருமுறை போடும் பொதுச் சாப்பாடு. ஒவ்வொரு வீட்டாரும் தலைக்கு இவ்வளவு என்று அரிசி கொடுப்பார்கள். அதையெல்லாம் ஒன்றாகக் கொட்டி, கோயில் வளாகத்தில் அண்டா வைத்துப் பொங்கி, தரையில் ஒரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவோம். எங்கள் பேச்சில் சர்ச்சும் கோயில்தான்.

போன வருஷம் இதே அசனத்துக்கு நான்கு பேராகப் போனோம். நான், என் மனைவி கிரேஸ், பதினாறு வயது ஜோஷ்வா, பதினான்கு வயது ரெபேக்கா. எனக்கு வயது முப்பத்து மூன்று. இதைக் கேட்டதும் மனதுக்குள் கழித்துப் பார்ப்பவர்களின் பேச்சு ஒரு கணம் தடுக்கி நிற்கும். பழகிவிட்டது. பிள்ளைகள் இருவரும் கிரேஸின் முதல் கணவருக்குப் பிறந்தவர்கள். ரெபேக்கா நடை பழகிய வயதில் அவர் இங்கே மெல்பர்னில் ஒரு சாலை விபத்தில் போய்விட்டார். கிரேஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பிறந்து வளர்ந்தவள், இங்கே நர்ஸ். அதே மருத்துவமனையில் கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். வார்டில் ஓடாமல் நின்ற ஒரு மருந்துப் பம்பைத் திறந்து வைத்துக்கொண்டு நான் எனக்குள் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, "நீங்க ராஜபாளையத்துப் பக்கமா?" என்று கேட்டாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

பிள்ளைகள் என்னை "சாம்" என்று கூப்பிடுவார்கள். இது மரியாதைக் குறைவில்லை, இங்கே என் மேலதிகாரியையே நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். இருந்தாலும், சாமுவேல் என்கிற என் பெயரைப் பாதியாக வெட்டி அவர்கள் கூப்பிடும்போதெல்லாம், மீதிப் பாதி எங்கே போனது என்று தேடுவது போல எனக்குள் ஏதோ ஒன்று திரும்பிப் பார்க்கும்.

2

எங்கள் கல்யாணம் இங்கே ஒரு பதிவு அலுவலகத்தில் நடந்தது. ஊரில் யாரும் பார்க்கவில்லை. பார்க்காத கல்யாணத்தைப் பற்றிப் பேச ஊருக்கு நிறைய இருந்தது. என் அப்பா ஞானமுத்து டீக்கடையில் கேட்டதை ஒருநாள் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஞானமுத்து மவன் பசுவையும் கன்னையும் சேத்துல்லா ஓட்டிட்டு வந்துட்டான்னு ஒருத்தன் சொல்லுதாம்லே."

"நீங்க என்னப்பா சொன்னீய?"

"என்னத்தச் சொல்ல? டீயக் குடிச்சிட்டு வந்துட்டேன்." பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "ஏலே, அவியளக் கூட்டிட்டு வா. அசனத்துல நாலு பேரும் எம் பக்கத்துல உக்காருங்க. நாலு தலைக்கும் நான் அரிசி குடுத்துருதேன். பொறவு எவன் வாயத் தொறக்கான்னு பாப்போம்."

அவ்வளவுதான் பயணத்தின் நோக்கம். அப்பாவின் பக்கத்தில், ஒரு வரிசையில், நாங்கள் நான்கு பேர். இவர்கள் என் பிள்ளைகள் என்பதை ஊர் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். பிள்ளைகளும் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குள் ஆசை இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

இருக்கைப் பிரச்சினை அப்போதுதான் வந்தது. கடன் அட்டையில் வருஷக்கணக்காகச் சேர்ந்த புள்ளிகளை வைத்து, போகவர இரண்டே இரண்டு இருக்கைகளை மேல் வகுப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். படுக்கையாக நீளும் இருக்கைகள். மற்ற இரண்டும் பின்னால், எல்லோரையும் போல முழங்கால் மடக்கி. நான்கு பேரில் எந்த இருவர் முன்னால்?

மதுரைக்காரரான செல்வம் அண்ணன்தான் இங்கே எனக்கு எல்லா யோசனையும் சொல்பவர். அவருக்குச் சந்தேகமே இல்லை. "பிள்ளைகளுக்கு என்னடா, காலை மடக்கிப் போட்டா கோழிக்குஞ்சு மாதிரித் தூங்கும். நீயும் தங்கச்சியும் முன்னால போங்க. நாம அனுபவிக்காம வேற யாரு அனுபவிக்க?"

கிரேஸ் வேறு மாதிரி சொன்னாள். "நான் ரெபேக்காவோட முன்னால இருக்கேன், நீ ஜோஷ்வாவோட பின்னால இரு. திரும்பி வரும்போது மாத்திக்கலாம். அவனோட பேச உனக்கு ஒரு வழி கிடைக்கும்ல?" வீட்டில் அவள் என்னை நீ என்பாள், ஊரில் நீங்க.

நான் இரண்டையும் கேட்கவில்லை. பிள்ளைகள் இருவரும் முன்னால்தான் என்று முடிவு செய்தேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அப்பா ராஜபாளையத்தில் ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் மூட்டை தூக்கியவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். சேத்தூரிலிருந்து போகும் பஸ்ஸில் இருக்கை காலியாகக் கிடந்தாலும் அப்பா உட்கார மாட்டார். கேட்டால், "மேலெல்லாம் பஞ்சு, அடுத்தவுக வேட்டியில ஒட்டிரும்" என்பார். நம்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சலவை வேட்டி சட்டையில் அவர் நிற்க, நான் ஜன்னலோரம் ஓடிப்போய் உட்கார்ந்தேன். வழியில் ஏறிய ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"ஏலே ஞானமுத்து, உம் மவனுக்குக் கால் வலிக்கோ?"

கோபமாக ஒன்றும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அப்பாவும் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து எழுப்பினார். அந்தப் பெரியவர் அங்கே உட்காரவில்லை, அவருக்கு முன்னாலேயே இடம் இருந்தது. நான் எழுந்த இடத்தில் அப்பா தன் மஞ்சள் பையை வைத்தார். ராஜபாளையம் வரை அந்தப் பை உட்கார்ந்து வந்தது, நாங்கள் நின்று வந்தோம்.

ஆகவே எனக்கு இருக்கை என்பது சும்மா இருக்கை இல்லை. என் பிள்ளைகள் என்று நான் சொல்லிக்கொள்ளும் இருவர், விமானத்திலேயே நல்ல இடத்தில், யாரும் எழுப்ப முடியாத இடத்தில் உட்கார்ந்து என் ஊருக்கு வர வேண்டும். அந்த இருக்கையை அவர்களுக்குக் கொடுத்தவன் நானாக இருக்க வேண்டும்.

ஜோஷ்வாவிடம் சொன்னபோது போனிலிருந்து தலையைத் தூக்கி, "கூல்" என்றான். ரெபேக்கா, "நீயும் அம்மாவும் எங்க?" என்று கேட்டாள். பின்னால் என்றேன். "ஓ" என்றாள். அந்த "ஓ"வை நான் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

3

பிள்ளைகளுக்கு விசா எடுத்த கதையை விரிவாக எழுதினால் உங்களுக்கே அலுத்துவிடும். இறந்துபோன தகப்பனின் மரணச் சான்றிதழ் கேட்டார்கள். அதில் அவர் பெயரின் எழுத்து ஒரு மாதிரி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி. அதற்கு ஒரு பிரமாணப் பத்திரம். தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் என் பெயர் வராது, அது நியாயம்தான். உடன் பயணம் செய்பவர் என்ற கட்டத்தில் வந்தது. உறவு என்று கேட்டு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். தாய், தகப்பன், சகோதரன், தாத்தா எல்லாம் இருந்தது. கடைசியில் "பிற" என்று இருந்தது. அதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

விமானத்தில் ஏறியதும் பிள்ளைகள் இடதுபுறம் திரும்பினார்கள், நானும் கிரேஸும் வலதுபுறம். நடுவில் ஒரு திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள். சாதாரணத் துணி, ஊதினால் விலகும்.

சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு ஞாபகம் வந்தது. ரெபேக்காவுக்குப் பயணத்தில் குமட்டும். அவளுடைய மாத்திரை என் பையில் இருந்தது. எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். திரைக்குப் பக்கத்தில் நின்ற பணிப்பெண் மிகவும் மரியாதையாக வழிமறித்தாள்.

"உங்கள் இருக்கை எண், சார்?"

என் பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். இத்தனை சின்ன வயதில் இவனுக்கா என்ற அதே தடுக்கல். கொஞ்சம் பொறுங்கள் என்று உள்ளே போய் ஜோஷ்வாவிடம் குனிந்து கேட்டாள். திரை இடுக்கில் எனக்கு அவன் தெரிந்தான். முழு நீளத்துக்குக் கால் நீட்டிப் படுத்திருந்தான். காதிலிருந்து இயர்போனை எடுத்தான். என்னைப் பார்த்தான். அங்கே சத்தம் குறைவு, அவன் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கும் கேட்டது.

"அவர் எங்கள் அம்மாவின் கணவர்."

பொய் இல்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அந்தப் பெண் திரும்பி வந்து மாத்திரையை வாங்கிக்கொண்டு, கொடுத்துவிடுகிறேன் சார் என்று புன்னகை செய்து, திரையைச் சரியாக இழுத்துவிட்டாள். நான் திரும்பி நடந்தேன்.

"பார்த்தியா? என்ன சொன்னா?" என்று கிரேஸ் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. குடுத்தாச்சு."

மீதி தூரம் முழுக்க நான் தூங்கவில்லை. அந்த இடத்துக்குப் புள்ளிகளைக் கொடுத்தவன் நான், அந்தத் திரையையும் நானே வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

4

அசனத்தன்று கோயில் வளாகத்தில் முதலில் என் கண்ணில் பட்டது மேசைகள். நான் சிறுவனாக இருந்தபோது அசனத்தில் மேசை கிடையாது. போதகர் ஐயா முதல் அப்பாவைப் போன்ற கூலியாள் வரை எல்லோருக்கும் தரைதான். இப்போது பந்தலின் ஒரு ஓரத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசையும் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டிருந்தார்கள். நன்கொடை கொடுத்தவர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் என்றார்கள்.

அப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரைப் பந்தியில் உட்கார்ந்து, பக்கத்தில் தன் துண்டை நீளமாக விரித்து எங்களுக்கு இடம் பிடித்திருந்தார். தாண்டிப் போகிற ஒவ்வொருவரிடமும், "பேரம் பேத்தி வந்துருக்காவல்லா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கன்றுக்குட்டி என்று சொன்னவரும் வந்து போனார், அவரிடம் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

ஜோஷ்வாவைக் காணோம். தேடிப் போனால், குழம்பு அண்டாவுக்குப் பக்கத்தில் கையில் வாளியோடு நிற்கிறான். ஆட்டுக்கறிக் குழம்பு. முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு, ஊர் இளவட்டங்களோடு பந்திக்குள் இறங்கிவிட்டான். கரண்டியை எப்படிச் சாய்ப்பது என்று தெரியாமல் துளித்துளியாக விட்டுக்கொண்டு போனான்.

"ஏலே வெளிநாட்டுப் பேரா, எனக்கு ஞானஸ்நானம் எல்லாம் எப்பமோ ஆயிட்டு. தெளிக்காத, ஊத்து!" என்றார் ஒருவர்.

பந்தியே சிரித்தது. ஜோஷ்வாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனாலும் சிரித்தான். "நெறய வேணுமா?" என்று தன் தமிழில் கேட்டான்.

"எம்புட்டு இருக்கோ அம்புட்டையும் ஊத்துலே!"

ஊற்றினான். இலையைத் தாண்டி வேட்டியில் ஊற்றினான். மறுபடி சிரிப்பு. மெல்பர்ன் வீட்டில் அவன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கலாம். ஆனால் வாளியின் பாரத்தில் அவன் தோள் ஒரு பக்கம் இறங்கியதை நான் பார்த்தேன். மூட்டை ஏற்றிய அப்பாவின் தோள் அப்படித்தான் இறங்கும். சுமை தூக்குவது எங்கள் வீட்டில் அப்பாவோடு முடிந்துபோக வேண்டும் என்றுதானே நான் படித்தேன். முதல்முறை வந்த பிள்ளையை வேலை வாங்கிவிட்டார்கள், ஞானமுத்து வீட்டு வாசனை அவன் மேலும் ஏறிவிட்டது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. நேராகப் போய் வாளியைப் பிடித்தேன்.

"குடு. இதெல்லாம் நீ செய்ய வேண்டாம். போய் உட்காரு."

அவன் விடவில்லை. நான் இழுத்தேன். விட்டான்.

அப்பா பந்தியிலிருந்தே கத்தினார். "ஏலே கிறுக்குப் பயலே, எதுக்குலே புடுங்குத? அவனாத்தாம்லே கேட்டு வாங்குனான்!"

அந்த நேரம் பார்த்து சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் ஓடி வந்தார். "வாங்க தம்பி, வாங்க. மேசையில இடம் இருக்கு. பாப்பாவையும் அம்மாவையும் கூப்பிடுங்க." ஜோஷ்வா என்னைப் பார்க்கவில்லை. அவரோடு போய் நாற்காலியில் உட்கார்ந்தான். ரெபேக்காவும் கிரேஸும் அவனுக்குப் பக்கத்தில். நான் வாளியோடு பந்தியில்.

நான் அப்பாவின் இலைக்கு வந்ததும் அவர் கையை நீட்டி மறித்தார். போதும் என்றார். இன்னும் ஒன்றும் ஊற்றவில்லை. அவருக்குப் பக்கத்தில் விரித்த துண்டு விரித்தபடியே கிடந்தது.

5

திரும்பும் பயணத்திலும் அதே இருக்கைகள்தான், முன்பே எடுத்தது. இடையில் விமானம் மாறும் ஊரில் நேரம் இருந்தது. கிரேஸ் காப்பி வாங்கப் போயிருந்தாள். ரெபேக்கா தன் பயணச் சீட்டை என்னிடம் நீட்டினாள்.

"இதை நீ வச்சுக்கோ. நான் பின்னால அம்மாவோட இருக்கேன்."

ஏன், படுத்துக்கொண்டு வசதியாகப் போகலாமே என்றேன். அதன் பிறகு அவள் பேசியது ஆங்கிலம். தமிழில் எழுதும்போது நீ என்பதா நீங்கள் என்பதா என்று நான்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நீங்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

"நல்ல இடத்தையெல்லாம் எங்களுக்குத்தான் கொடுக்கிறீர்கள். ஆனால் எப்போதுமே அது நீங்கள் இல்லாத இடமாக இருக்கிறது. உங்கள் ஊருக்கு நாங்கள் விருந்தாளியா?"

அந்தக் கேள்வி எனக்கு எங்கே பட்டது என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் பக்கம் விருந்தாளிக்குத்தான் முதல் பந்தி, விருந்தாளிக்குத்தான் மெத்தை. வீட்டுப் பிள்ளை வாளி தூக்கிவிட்டு, அண்டாவில் மிஞ்சியதைத் தின்றுவிட்டு, கிடைத்த இடத்தில் சுருண்டுகொள்வான். உயர்ந்தது என்று நினைத்து நான் கொடுத்ததெல்லாம் வந்தவர்களுக்குக் கொடுப்பது. இது எனக்குத் தெரியாத வழக்கமா? பிறந்ததிலிருந்து தெரியும்.

நான் அந்த பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். மஞ்சள் பையைப் பற்றி. ஒரு இருக்கைக்காக எங்கள் வீடு எத்தனை காலம் நின்றது என்பதைப் பற்றி. ரெபேக்கா தலையைக் குனிந்து கேட்டாள். ஜோஷ்வா ஒரு காதில் இயர்போனை வைத்துக்கொண்டே கேட்டான்.

"ஸாரி, சாம். அது மோசம்தான்," என்றான். உண்மையாகவே சொன்னான். பிறகு, "ஆனா அது உன் அப்பாவோட பஸ். நான் அந்த பக்கெட்டைக் கேட்டு வாங்கினேன்."

அவன் விஷயத்தில் மட்டும் எனக்கு "நீ" என்றுதான் எழுத வருகிறது.

எனக்குக் கோபம் வந்தது. இன்றும் முழுசாகப் போகவில்லை. உட்கார இடம் கேட்டே பழக்கப்படாத பிள்ளைகளுக்கு உட்காரும் இடத்தின் மதிப்பை யார் சொல்லித் தருவது? கால் நீட்டிப் படுத்து வந்துவிட்டு, அதை விருந்தாளியின் படுக்கை என்று சொல்கிறார்கள். அப்பா மட்டும் என்ன, நான் வாங்கிக் கொடுத்த பெரிய நாற்காலியில் துவைத்த துணியைப் போட்டு வைத்திருக்கிறார். கொடுத்த எதையும் யாரும் நான் நினைத்தபடி வாங்கிக்கொள்ளவில்லை.

ரெபேக்கா பின்னால் போனாள், கிரேஸின் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவளுடைய இருக்கைக்கு நான் போனேன். ஜோஷ்வாவின் பக்கத்துப் படுக்கை. திரைக்கு அந்தப் பக்கம் கடைசியில் நானும் போய்விட்டேன். இரண்டு படுக்கைகளுக்கும் நடுவில் ஒரு தடுப்புப் பலகை உண்டு, பொத்தானை அழுத்தினால் இறங்கும். விமானம் கிளம்பியதும் அவன் அதை ஏற்றினான். மறுபடி இறங்கும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

6

இந்த வருஷம் கேட்டபோது ஜோஷ்வா வரவில்லை என்றான். சூப்பர் மார்க்கெட்டில் பகுதி நேர வேலைக்குச் சேர்ந்திருக்கிறான், விடுப்பு கிடைக்காதாம். அங்கே பெட்டிகளை இறக்கி அடுக்குவதுதான் அவன் வேலை. ரெபேக்காவுக்குப் பள்ளி முகாம். இருவரையும் விட்டுவிட்டு கிரேஸ் வர முடியாது. "நீ போயிட்டு வா, சாமு. அடுத்த தடவை பார்க்கலாம்," என்றாள். சண்டை ஒன்றும் இல்லை. எல்லோரும் மிகவும் நியாயமாகப் பேசினார்கள்.

நேற்று அப்பா கூப்பிட்டார்.

"ஏலே, எப்பம் வாரிய? அரிசி குடுத்தாச்சு."

"எத்தனை பேருக்குப்பா?"

"இது என்னலே கேள்வி? போன வருசம் குடுத்தது மாதிரிதான், உங்க நாலு தலைக்கும். கமிட்டிக்காரங்கிட்டயும் சொல்லிட்டேன், எம் பேரன மேச பக்கம் கூப்பிட்டீயன்னா மேசையத் தூக்கி வெளிய எறிஞ்சிருவேம்னு." ஒரு இருமல். "அந்தப் பயகிட்ட சொல்லு, கொழம்பு வாளி அவனுக்குத்தாம்னு. நீ குறுக்க வராத. என்ன?"

சரிப்பா என்றேன்.

ஜோஷ்வாவின் அறைக் கதவைத் தட்டினேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான், அந்தக் கடையின் சட்டையில் பெயர் குத்தியிருந்தது. தாத்தா சொன்னதை அப்படியே சொன்னேன். சட்டைப் பொத்தானில் கை நின்றது. ஒரு கணம் அந்தப் பந்தியின் சிரிப்பு அவன் வாயோரம் வந்தது போல இருந்தது.

"தாத்தாகிட்ட அடுத்த வருஷம்னு சொல்லு."

"நீயே சொல்லேன். போன் போட்டுத் தாரேன்."

"லேட்டாயிடுச்சு, சாம்," என்று என்னைத் தாண்டிப் போனான்.

அப்பாவிடம் யார் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. நேரில் இறங்கும்போது அவரே எண்ணிக்கொள்வார்.

இன்று காலை எத்தனை பேர் என்ற இடத்தில் ஒன்று என்று போட்டேன். உங்களிடம் போதுமான புள்ளிகள் உள்ளன, மேல் வகுப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றது பக்கம். வேண்டாம் என்றேன். உறுதியாக வேண்டாமா என்று மறுபடி கேட்டது. பிறகு இருக்கைகளின் படத்தைக் காட்டியது. பின்பகுதியில், நடுவில் நான்கு இருக்கைகள் சேர்ந்தாற்போல் ஒரு வரிசை முழுக்கக் காலியாக இருந்தது. ஓரத்து இருக்கையைத் தொட்டேன். அதன் நிறம் மாறி என் பெயர் வந்தது. பக்கத்தில் மூன்றும் வெள்ளையாகவே இருந்தன. விரித்துப் போட என்னிடம் துண்டு இல்லை. புறப்படும் நாளுக்குள் யாராவது வாங்கிவிடுவார்கள்.